அத்தானின் காரும் எங்கள் கராஜ் பிளக்கும்

"ஒரு இரவு. ஒரு சாப்பாடு. விடிய ஒரு தேத்தண்ணி. அவ்வளவுதான்."

இது என் கணவர் கஸ்பர் நிறைவேற்றிய தீர்மானம். விருந்தினர் வருவதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. வீட்டில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. அப்படியிருந்தும் என்னைக் குளியலறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார். ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வருகிறவர்கள் மொன்றியலில் இருக்கும் என் அக்கா கிளடிசும் அத்தான் அருள்நாயகமும். அத்தான் வேலையிலிருந்து ஓய்வு எடுத்த கையோடு ஒரு மின்சாரக் கார் வாங்கினார். அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் இருப்பதில்லை. இந்த முறை நயாகரா பார்த்து, அப்படியே வின்சரில் ஒரு பழைய சிநேகிதரையும் பார்க்கப் போகிறார்களாம். வழியில் அஜக்ஸ். அஜக்சில் நாங்கள்.

"உங்கட கராஜில ஒரு பிளக் இருக்குத்தானே எமில்டா. இரவைக்கு அதில கொழுவி விட்டா விடிய நாங்கள் போயிடுவம்" என்று அத்தான் ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னார். நாங்கள் அப்போதுதான் சேர்ச்சில் பூசை முடிந்து வந்து சப்பாத்துக் கழற்றுகிறோம்.

எனக்குச் சந்தோசம். அக்காவோடு ஆறுதலாக இருந்து கதைத்து எத்தனையோ காலம். கஸ்பரின் முகம் மட்டும் புளித்த மோர் குடித்த மாதிரி ஆகிவிட்டது. சாப்பாடு போடவேண்டுமே என்பதற்காக அல்ல. அத்தான் விடும் குறட்டைக்காகவும் அல்ல. காரணம் கடுதாசி விளையாட்டு.

ஒவ்வொரு மாதமும் முதலாம் சனிக்கிழமை எங்கள் கராஜுக்குள் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் நடக்கும். கஸ்பர், ஜூலியன், இராஜரட்ணம் அண்ணை, ஸ்ரீதரன் என்று நாலு பேர். அது நாலு பேருக்கான விளையாட்டு. ஐந்தாவது ஆளுக்கு இடம் கிடையாது. கஸ்பர் இந்த நாட்டில் யாரையாவது அதட்டிப் பேசும் ஒரே இடம் அந்த மேசைதான். வேலையில் மனேச்சர் அவரை அதட்டுவார். வீட்டில் நான் கவலைப்பட்டுக் கவலைப்பட்டே ஆளைக் களைக்கப் பண்ணிவிடுவேன். கடுதாசியைக் கையில் எடுத்தால்தான் அவர் ராசா.

போன வருடம் ஒரு கலியாண வீட்டில் அத்தான் சும்மா ஒரு கை போட உட்கார்ந்தார். அன்று முழுக்க எழும்பவில்லை. தோற்கவும் இல்லை. அதற்குப் பிறகு ஜூலியன் எங்கே கண்டாலும், "உம்மட சகலன்ர மூளை ஒரு மூளைதான் கஸ்பர்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

"அந்த மனுசன் சனிக்கிழமை இஞ்சை நிண்டா என்ர கதிரை போயிடும், எமில்டா."

"அவை செவ்வாய்க்கிழமை வருகினம். புதன் போயிடுவினம். சனிக்கிழமை எங்க, அவை எங்க?"

"உமக்கு விளங்காது. எங்கட பிளக்கில வாறது கேத்தில் கொதிக்கவைக்கிற கரண்ட். காருக்கு அது கரண்டியால தண்ணி பருக்கினமாதிரி. இண்டைக்கு ஏறேல்லை எண்டு ஒரு நாள் நிப்பினம். ஏறினது காணாது எண்டு இன்னொரு நாள் நிப்பினம்."

"அப்பிடியெண்டா எப்ப வெளிக்கிடுறியள் எண்டு கேளுங்கோவன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் குளியலறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த ஆட்களிடம் எப்போது வெளிக்கிடுகிறீர்கள் என்று கேட்பதும் அவர்களுடைய பெட்டியைத் தூக்கி வாசலில் வைப்பதும் எங்கள் ஆட்களுக்கு ஒன்றுதான். கேட்டால் பிறகு செத்த வீட்டுக்கும் வரமாட்டார்கள்.

"கேக்கத் தேவையில்லை. நான் ஒரு வேலை செய்யிறன். வாரும்."

கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் கராஜில் கார் நிற்பதில்லை. எங்கள் பெற்றோல் கார் பனியிலும் வெயிலிலும் வெளியேதான் நிற்கும். உள்ளே கடுதாசி மேசை, பனிக்கால ரயர்கள், வீடு மணக்காமல் மீன் பொரிப்பதற்கு ஒரு காஸ் அடுப்பு, தள்ளி மூலையில் என் பெரிய பிறீசர். பிறீசரின் மூடி சரியாக மூடாது. அதற்கு மேல் ஒரு அரிசி மூட்டை எப்போதும் இருக்கும்.

கதவுக்குப் பக்கத்துச் சுவரில்தான் அந்தப் பிளக். அதன் நடுவில் இரண்டு சின்னப் பொத்தான்கள். ஒன்றை அமத்தினால் கரண்ட் நிற்கும், மற்றதை அமத்தினால் வரும். கஸ்பர் முதலாவதை அமத்தினார். டக் என்றது.

"இப்ப பிளக் பழுது" என்றார்.

"நல்லாத்தானே இருந்தது?"

"இருந்தது. இப்ப பழுது. பழுதாகிக் கனமாசம். எலக்ரீசியன் வந்து பாத்திட்டுக் கையை விரிச்சிட்டான்."

"எப்ப வந்தவன்? நான் காணேல்லையே."

"எமில்டா, அவன் வரேல்லை. வந்தமாதிரி. பிளக் இல்லையெண்டா அவை சாப்பிட்டுப்போட்டு மார்க்கம் ரவுனில உம்மட அத்தான்ர தங்கச்சி றஜிதா வீட்டை போவினம். அங்க நல்ல பிளக் இருக்கு. ஆருக்கும் மனவருத்தம் இல்லை. விளங்குதே?"

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். மின்சாரப் பாடம் வருவதற்கு முன்பே பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. விளங்கவில்லை என்று சொன்னால் திரும்ப முதலிலிருந்து தொடங்குவார் என்று, "ஓம்" என்றேன்.

"ஒரு சத்தியம் பண்ணும். பிளக், சாச், கரண்ட், இந்த மூண்டைப் பற்றியும் நீர் வாய் திறக்கக்கூடாது. அவையிட்டயும் இல்லை, என்னட்டயும் இல்லை. நீர் வாயைத் திறந்தா எல்லாம் குழம்பும்."

சத்தியம் பண்ணினேன். பிறகு இரண்டு நாளும், பொய்க்குத் துணை போனதைப் பாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டுமா, வாய் திறக்காமல் இருப்பதும் பொய்யா என்று யோசித்து யோசித்து எனக்குத் தலையிடி.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வெள்ளைக் கார் ஒரு சத்தமும் இல்லாமல் வந்து வாசலில் நின்றது. நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றும் வந்தது தெரியவில்லை. அக்கா கதவைத் தட்டிய பிறகுதான் ஓடினேன். கட்டிப் பிடித்துக் கொஞ்சினோம். அத்தான் ஒரு கையில் பேரீச்சம்பழப் பெட்டியும் மற்றக் கையில் சுருட்டிய வயருமாக நின்றார்.

"கஸ்பர், எங்க உங்கட பிளக்?"

கஸ்பர் பெருமூச்சு விட்டார். நல்ல நீளமான பெருமூச்சு. "அதை ஏன் கேக்கிறியள் அண்ணை. பிளக் போய்க் கனமாசம். எலக்ரீசியன் வந்து பாத்திட்டுக் கையை விரிச்சிட்டான். சொல்ல வெக்கமாக் கிடக்கு."

"அட. அப்பிடியே?"

"வீட்டுக்கு வந்த உங்களுக்கு ஒரு கரண்ட் தரேலாமல் கிடக்கு. மார்க்கத்தில றஜிதா வீட்டில எண்டா நல்ல பிளக். சாப்பிட்டுப்போட்டு ஆறுதலா அங்க போங்கோவன்."

"றஜிதா ஆக்கள் ஊரில இல்லை, தம்பி. கப்பல் பயணம் போயிட்டினம். வீடு பூட்டு. அதோட மார்க்கம் போறதுக்கும் இதில சாச் இல்லை. கடைசி மூச்சிலதான் உங்கட வாசலுக்கு வந்தது." அத்தான் வயரைக் காலடியில் வைத்துவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினார். "பறவாயில்லை. எங்களுக்கு என்ன அவசரம்? நீர் திருத்திற வரைக்கும் நிக்கிறம்."

எங்கள் மகள் ஸ்டெபனி ஒட்டாவாவில் படிக்கிறாள். அவளுடைய அறையை அவர்களுக்குக் கொடுத்தோம். அவர்கள் உடுப்பு மாற்றும் நேரத்தில் கஸ்பர் என்னை மறுபடியும் குளியலறைக்குள் இழுத்தார்.

"எமில்டா, பிளக் வேலை செய்யவேணும்."

"பழுது எண்டியள்."

"பழுதில்லை."

"எலக்ரீசியன்…"

"எலக்ரீசியனே இல்லை எண்டு சொன்னன்தானே. இப்ப கதை மாறிப்போச்சு. சாச் இல்லையெண்டா கார் அசையாது. கார் அசையாட்டி மனுசனும் அசையாது. சனிக்கிழமை மனுசன் என்ர கதிரையில. விளங்குதே?"

"அப்ப இப்பவே போய் மற்றப் பொத்தானை அமத்துங்கோ."

"உமக்கு விசரே? எலக்ரீசியன் கைவிட்ட பிளக்கை நான் சோறு தின்னுற நேரத்துக்க திருத்தினா ஆர் நம்புவினம்? ஒரு நாளாவது போகவேணும். நாளைக்கு வேலையால வந்து திருத்திறன். அதுவரைக்கும் நீர் வாய் திறக்காதையும்."

இல்லாத ஆள் கைவிட்ட, பழுதாகாத பிளக்கைத் திருத்துவதற்கு ஒரு நாள் காத்திருக்கவேண்டும். இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். எந்தப் பக்கத்தால் பிடித்தாலும் வழுக்கியது.

புதன்கிழமை பின்னேரம் கஸ்பர் திருத்தினார். திருத்தினார் என்றால் அப்படி ஒரு திருத்தல் நான் கண்டதில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டார். ஸ்குறூ ட்ரைவரை வாயில் கவ்விக்கொண்டார். சுவரைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். அத்தான் பக்கத்தில் நின்று ரோச் பிடித்தார். அக்காவும் நானும் கதவடியில்.

"கவனம், தம்பி. சாகப்போறீர்."

"பழக்கமில்லாத ஆள் தொட்டாத்தான் அண்ணை ஆபத்து."

பிறகு உடம்பால் பிளக்கை மறைத்துக்கொண்டு ஏதோ செய்தார். டக். பிளக்கில் பச்சை வெளிச்சம் வந்தது. அத்தான் கை தட்டினார். கஸ்பர் நெற்றியைத் துடைத்தார். வேர்வை ஒன்றும் இல்லை, துடைத்தார்.

அதே நேரம் தள்ளி மூலையில் என் பிறீசர் கர் என்று உறுமிக்கொண்டு நடுங்கத் தொடங்கியது.

நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பிறீசருக்குக் கீழே தண்ணீர். அது மெதுவாக வந்து கடுதாசி மேசையின் கால்களைச் சுற்றிக்கொண்டு போனது.

"இது ஏன் இப்ப தொடங்குது?" என்றேன் நான். "இது நிண்டதே? எப்ப நிண்டது?"

அரிசி மூட்டையை இறக்கி மூடியைத் திறந்தேன். நண்டு, இறால், கணவாய், சுறா, திருக்கை, எல்லாம் குளித்துவிட்டு வந்த மாதிரி. வருடப்பிறப்புக்கு என்று சேர்த்தது.

"அந்தப் பிளக் போனா, அதுக்குப் பின்னாலை பிறீசர் கொழுவியிருக்கிற பிளக்கும் சேர்ந்து போகும்" என்று அக்கா மெதுவாகச் சொன்னா. "எங்கட வீட்டிலயும் உந்தப் பொத்தான் இருக்கு." சொல்லிவிட்டுக் கஸ்பரைப் பார்த்தா. "பிளக் போய்க் கனமாசம் எண்டியள், கஸ்பர். மீன் இண்டைக்குத்தான் உருகியிருக்கு."

"அது… மீன் உருகக் கொஞ்சம் செல்லும்" என்றார் கஸ்பர்.

அக்கா பிறகு ஒன்றும் கேட்கவில்லை. சின்ன வயதில் யாராவது அவவின் றிபனை எடுத்தால் அக்கா இப்படித்தான் ஒன்றும் கேட்கமாட்டா.

உருகிய மீனைத் திரும்ப உறைய வைக்க நான் விடமாட்டேன். வயிற்றுக்கு ஆகாது என்று எனக்குப் பயம். எறியவும் மனம் வராது. அப்படியென்றால் வழி ஒன்றுதான். அத்தானே அதைச் சொன்னார்.

"எல்லாத்தையும் போட்டுக் கூழ் காய்ச்சுவம்."

கஸ்பர் பச்சை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "அண்ணை, நாளைக்கு நீங்கள் பயணமெல்லே?"

"கூழ் எண்டா பயணம் ஏது தம்பி? குடிச்சிட்டு ஸ்ரியறிங் பிடிக்கேலுமே? படுக்கத்தான் ஏலும்."

வியாழக்கிழமை கராஜில் பெரிய பானையை ஏற்றினோம். அக்கா நண்டு உடைத்தா, நான் பனங்கிழங்கு ஒடியல் மா கரைத்தேன். அடுப்பிலிருந்து எட்டி, கராஜ் வாசலில், கார் பிளக்கில் கொழுவியபடி நின்றது. வேலைக்குப் போகுமுன் கஸ்பர் அதன் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏறுது, ஏறுது. வெள்ளி பின்னேரம் போதுமான அளவு வந்திடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போயிருந்தார்.

"உன்ர மனுசன் ஏன் எங்களைத் துரத்துறார்?" என்று அக்கா நண்டுக் காலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டா.

"துரத்தேல்லை அக்கா."

"பொத்தானை அமத்தி வச்சவர்."

நான் பிளக், சாச், கரண்ட் மூன்றையும் பற்றித்தான் சத்தியம் பண்ணியிருந்தேன். கடுதாசியைப் பற்றி இல்லை. ஆகவே கடுதாசியைப் பற்றிச் சொன்னேன். சனிக்கிழமை, கதிரை, ஜூலியன், மூளை, எல்லாம். அக்கா சிரித்த சிரிப்பில் நண்டுக்கால் பானைக்குள் விழுந்தது.

பிறகு கையைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தா. "இஞ்சை பார். காருக்கு எவ்வளவு ஏறவேணும் எண்டு இதில சொல்லலாம்." திரையில் ஒரு பச்சைக் கோடு. அதை விரலால் பின்னுக்கு இழுத்துப் பாதியில் விட்டா. "இனிப் பாதி ஏறினவுடன தானா நிண்டிடும். பிளக்கில ஒரு வருசம் கிடந்தாலும் மேல ஏறாது. வின்சருக்குப் பாதி காணாது."

"அத்தானுக்குத் தெரியுமே?"

"அத்தானுக்குப் போனில ஹலோ சொல்லத்தான் தெரியும். நீ ஞாயிறு பூசை வரைக்கும் என்னோட இரு. எனக்கும் உன்னைவிட்டா ஆர் இருக்கினம்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோசமா பயமா என்று தெரியவில்லை. கார் பாதியில் நின்றால் பற்றறி வெடிக்குமா என்று கேட்டேன். வெடிக்காதாம். நிற்பதைக் கஸ்பரிடம் சொல்லாமல் விட்டால் அது துரோகமா என்று கேட்டேன். "நீ ஒரு தரம் சொல்லிப் பார். கேட்டா கேக்கட்டும்" என்று அக்கா நியாயமாகச் சொன்னா.

சொல்லிப் பார்த்தேன். கடவுளறிய மூன்று முறை சொல்லிப் பார்த்தேன்.

வியாழன் பின்னேரம் கஸ்பர் கூழ்க் கோப்பையோடு காரைச் சுற்றிவந்தார். "இஞ்சேருங்கோ, இந்தச் சாச்…" என்று தொடங்கினேன்.

"எமில்டா. சத்தியம்."

வெள்ளிக்கிழமை காலை கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு, "சரியாப் பாதி" என்றார். பின்னேரம் பார்த்துவிட்டும் "சரியாப் பாதி" என்றார். காய்ச்சல்கார ஆளைத் தொட்டுப் பார்ப்பதுபோலக் காரின் முன்பக்கத்தில் கை வைத்துப் பார்த்தார்.

"அது என்னெண்டா, அக்கான்ர போன்…"

"போனைப் பற்றி ஆர் இப்ப கேட்டது? நான் இஞ்சை கரண்டோட மாரடிக்கிறன். நீர் உள்ள போம்."

பிறகு அத்தானிடம் போனார். நானும் பின்னால் போனேன். "அண்ணை, பிளாசாவில வேகமா ஏத்துற மெசின் நிக்குது. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்க நிறைஞ்சிடும். நான் கூட்டிக்கொண்டு போறன்."

அத்தான் கதிரையில் சாய்ந்தபடி வேண்டாம் என்று தலையாட்டினார். "உது கடைச்சாப்பாடு, தம்பி. அவசரத்துக்குத் தின்னலாம், உடம்புக்குக் கூடாது. வீட்டுக் கரண்ட் வீட்டுச் சாப்பாடு. மெதுவா ஏறினாத்தான் ஒட்டும்."

"அது பாதியோட நிக்குது அண்ணை."

"களைச்சிருக்கும். மொன்றியலில இருந்தெல்லே வந்தது."

கஸ்பர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் விரலை உதட்டில் வைத்தார். அது மூன்றாவது முறை.

சனிக்கிழமை வந்தது. கார் சரியாகப் பாதியில் நின்றது. மத்தியானத்துக்குப் பிறகு ஜூலியன் முதல் ஆளாக வந்தார். கராஜுக்குள் அத்தானைக் கண்டதும் காலணி கழற்றவும் மறந்துபோனார்.

"அண்ணை. நீங்களே. கஸ்பர் சொல்லேல்லையே."

"கஸ்பர் உங்களுக்கு ஒரு சப்பிறைஸ் வைக்கப் பாத்திருப்பார்" என்றா அக்கா.

இராஜரட்ணம் அண்ணையும் ஸ்ரீதரனும் வந்தார்கள். இப்போது ஐந்து ஆண்கள், நாலு கதிரை. எல்லோரும் நின்றுகொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். அத்தான் மரியாதைக்குப் பின்வாங்கினார். "நீங்கள் விளையாடுங்கோ. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"என்ன கதை இது?" என்றார் இராஜரட்ணம் அண்ணை. "வந்த மனுசன் நிக்க வீட்டுக்காரன் இருக்கிறதே? கஸ்பர் அப்பிடியான ஆளில்லை."

கஸ்பருக்கு வேறு வழியிருக்கவில்லை. "இருங்கோ அண்ணை" என்றார். அந்த இரண்டு சொல்லையும் அவர் பல்லைப் பிடுங்கிக் கொடுப்பதுபோலக் கொடுத்தார்.

அன்று பின்னேரம் முழுக்க அவர் நான் பொரித்துக் கொடுத்த றோல்சைத் தட்டில் ஏந்திக்கொண்டு மேசையைச் சுற்றினார். அத்தான் கடுதாசியைப் பார்க்காமலே போட்டார். போட்டதெல்லாம் வென்றது. கஸ்பர் பின்னால் நின்று, "அதைப் போடாதையுங்கோ அண்ணை" என்பார். அத்தான் அதைத்தான் போடுவார். அதுதான் வெல்லும்.

"கஸ்பர், கொஞ்சம் சோஸ் கொண்டு வாரும்" என்றார் ஜூலியன், தலை நிமிர்த்தாமல்.

எனக்கு என் மனுசனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அக்காவிடம் போய், "காணும் அக்கா, விடுவம்" என்றேன். அக்காவும் மனம் இளகித்தான் இருந்தா. போனை எடுத்துப் பச்சைக் கோட்டைக் கடைசிவரைக்கும் இழுத்துவிட்டா. ஏன் நிற்கிறது என்று கஸ்பருக்குத் தெரியாமல் நின்ற காரில், ஏன் என்று தெரியாமல் சாச் மறுபடியும் ஏறத் தொடங்கியது. சோஸ் எடுக்க வந்த கஸ்பர் வாசலில் நின்று கண்ணாடிக்குள் பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"எமில்டா, ஏறுது."

"ஓம்."

"ஏன் நிண்டது? ஏன் இப்ப ஏறுது?"

நான் சோஸ் போத்தலைக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் ஒன்றாகப் பூசைக்குப் போனோம். என் பக்கத்தில் அக்கா. அவவின் தோளில் சாய்ந்துகொண்டு பாட்டுப் பாடினேன். திரும்பி வரும்போது எங்கள் காரில் கஸ்பர்தான் பேச்சைத் தொடங்கினார். பிளக்கில் ஏதோ வருத்தம் இருக்கிறது, தன் திருத்தலில் பிழையில்லை, கம்பியில்தான் பிழை என்றார்.

"உது சாதாரணப் பிளக் கஸ்பர். அதில என்ன எதிர்பாக்கிறது?" என்றா அக்கா. "எங்கட வீட்டில ஒரு பெட்டி பூட்டியிருக்கிறம். அடுப்புக்கு வாற பெரிய கரண்ட் அதில வரும். பொழுதுபடக் கொழுவினா விடிய நிறைஞ்சிடும். ஒரு இரவுதான்."

கஸ்பர் நிமிர்ந்து இருந்தார். "ஒரு இரவோ?"

"ஒரே ஒரு இரவு."

"விடியப் போயிடலாமோ?"

"விடியப் போயிடலாம். நிக்கிறதுக்குச் சாட்டுச் சொல்ல ஏலாது."

"எந்தப் பெட்டி எண்டு எனக்கு ஒருக்கா எழுதித் தாங்கோ."

அக்கா போனில் தேடினா. ஒன்றைக் காட்டினா, வேண்டாம் என்றா. இன்னொன்றைக் காட்டினா, அதுவும் வேண்டாம் என்றா. கடைசியில் ஒன்றை நல்லாகப் பெரிதாக்கி எல்லாப் பக்கத்தாலும் பார்த்துவிட்டு, "இதை வாங்குங்கோ" என்றா.

திங்கட்கிழமை காலை அவர்கள் போனார்கள். வெள்ளைக் கார் சத்தமில்லாமல் திரும்பித் தெருவால் போனது. நான் கண்ணைத் துடைத்தேன். கஸ்பர் நெற்றியைத் துடைத்தார். இந்த முறை உண்மையாகவே வேர்வை இருந்தது.

அந்தக் கிழமையே எலக்ரீசியன் வந்தான். உண்மையான எலக்ரீசியன். கராஜ் சுவரில் கறுப்புப் பெட்டியைப் பூட்டிவிட்டு எங்கள் வாசலைப் பார்த்தான். "எங்க கார்?" என்று கேட்டான். எங்கள் வாசலில் எங்கள் பெற்றோல் கார் நின்றது. அவனும் குழம்பிப் போனான். முதல் தடவையாக எனக்குத் துணைக்கு ஒரு ஆள் கிடைத்தது.

"இனி ஆர் வந்தாலும் ஒரு இரவு, எமில்டா" என்றார் கஸ்பர். பெட்டியைத் தடவினார். "ஒரு சாப்பாடு. விடிய ஒரு தேத்தண்ணி. சட்டம் சட்டம்தான்."

அன்று பின்னேரம் போன் அடித்தது. அத்தான். கஸ்பர் பெருமையோடு ஸ்பீக்கரில் போட்டார்.

"பெட்டி பூட்டியாச்சாமே, தம்பி?"

"ஓம் அண்ணை. இனி ஒரு இரவில நிறைஞ்சிடும்."

"அதுதான் நானும் கிளடிசும் கதைச்சனாங்கள். முந்தியெண்டா உங்கட வீட்டை வந்தா ஒரு கிழமை போயிடும், அதால அடிக்கடி வரப் பயம். இனி என்ன? வெள்ளி வந்தா, சனி விளையாட்டு, ஞாயிறு பூசை, திங்கள் விடிய நிறைஞ்ச காரோட வீடு. ஜூலியன் இண்டைக்குத்தான் எடுத்தவர். மாதம் மாதம் முதலாம் சனிக்கு எனக்கு ஒரு கதிரை வச்சிருக்கிறாராம்."

கஸ்பர் போனை வைத்துவிட்டு எழும்பினார். கராஜுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். புதுப் பெட்டியை முன்னால் தடவினார், இரண்டு பக்கமும் தடவினார், பிறகு முழங்காலில் இருந்து கீழே எட்டிப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, என்ன தேடுறியள்?"

"நீர் வாய் திறக்காதையும்" என்றார்.

ஆகவே, அந்தச் சின்னப் பொத்தான் இல்லாததாகப் பார்த்துத்தான் அக்கா அந்தப் பெட்டியைத் தெரிவுசெய்தா என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.